தூர் எடுத்தல்

ஏரியின் அடியில் படிந்த வண்டலும் தூர்தான். மரத்தின் அடிக்கட்டையும் தூர்தான். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்து ஏரிகளைச் சீரமைக்க வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. காரணம், சீமைக்கருவேலம். மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளைச் சேர்ந்த இந்த மரத்தின் விதையை 1870களில் ஜமைக்காவிலிருந்து வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பாவில் விறகுக்காக விதைத்தார்கள். இனிப்பான காயை ஆடு மாடுகள் தின்றன. செரிக்காத விதை சாணத்தோடும் புழுக்கையோடும் போன இடமெல்லாம் முளைத்தது. ஏரியின் உள்வாய், அதாவது நீர் தேங்கும் பரப்பு, அதற்கு வாகான இடம்: ஈரம் உண்டு, மேய்ச்சல் உண்டு, உழவு மட்டும் கிடையாது.

இதை அகற்றுவது வெட்டும் வேலை என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தரைமட்டத்தில் அறுத்தால் அவை விழித்துக்கொள்ளும். ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் முட்புதர் கிளம்பும். ஆகவே ஒரு முழ ஆழமாவது தோண்டி, தூரோடு பெயர்க்க வேண்டும். இட்டாச்சி, ஜேசிபி வாளியின் பல்லைத் தூருக்கு அடியில் கொடுத்து நெம்புவது இதற்காகவே. காய் பழுத்து உதிருமுன் செய்தால் புது விதையும் மண்ணில் விழாது. ஆனால் கரையில் நிற்கும் மரத்துக்கு இந்த விதி மட்டும் போதாது. அங்கே வேரைப் பிடுங்கினால் கரை நெகிழும்; விட்டுவைத்தாலோ வேர் மட்கி, அந்தத் துளை வழியே நீர் கசியும். கோடையிலேயே எடுத்து, குழியில் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கினால்தான் வடகிழக்குப் பருவமழையைக் கரை தாங்கும்.

நிழல் தரும் மரத்தை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் ஓக்மாண்ட் கோல்ஃப் மைதானத்திலும் அதே கேள்வி எழுந்தது. 1903இல் திறந்தவெளியாக அமைந்த அந்த மைதானத்தில் பிற்காலத்தில் அழகுக்காக நட்ட மரங்கள் புல்லுக்கு வெயிலும் காற்றும் கிடைக்காமல் செய்தன; 1990களில் தொடங்கி ஆயிரக்கணக்கில் அகற்றினார்கள், முதலில் உறுப்பினர்கள் கண்ணில் படாமல் விடியற்காலையில். மரம் நல்லதா கெட்டதா என்பதல்ல, அந்த இடம் எதற்காக உண்டானது என்பதே அங்கும் இங்கும் வழக்கு. ஏரி நீர் தேக்க உண்டானது. இம்மரம் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்ற வாட்ஸ்அப் கதை இந்த வாதத்துக்குத் தேவையில்லை. உள்வாயையும் வரத்துக்கால்வாயையும் அது அடைத்து நிற்பதே போதும். விறகும் கரியுமாகப் பல குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது என்பதும் உண்மை. அதனால்தான் ஒரே மூச்சில் அழிக்காமல், நீர்நிலைகளில் தொடங்கிப் படிப்படியாகப் போவது சரி. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மாநிலமெங்கும் அவசரமாக நடந்த அகற்றம் சில மாதங்களிலேயே இடைக்காலத் தடையில் நின்றது. 2022இல்தான் அயல் தாவரங்களுக்கென்று மாநில அரசின் கொள்கை வந்தது.

அவசரத்தில் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து சாய்வதுண்டு. உருண்டையான மஞ்சள் பூவும், மணி கோத்தாற்போல் இடையிடையே இறுகிய காயும் இருந்தால் அது நம்முடையது. வாளியை நிறுத்த வேண்டும். நீண்ட கதிர்போன்ற பூ என்றால் சீமை. அகற்றிய பிறகும் மண்ணில் புதைந்த விதை பல ஆண்டு காத்திருக்கும். முதல் மழைக்குப் பின் வரும் கன்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். இரண்டு கோடை விட்டுவிட்டால் மறுபடி இட்டாச்சிக்கு வாடகை கொடுக்க வேண்டியதுதான்.