காரா, மோட்டார் சைக்கிளா? கணக்குப் பார்ப்போம்

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நம் சிறு வியாபாரிகள் பலர் கார் வாங்கத்தான் நினைக்கிறார்கள். குடும்பத்துக்குக் கார் வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைக்கும் வங்கிக்கும் தனியாளாக ஓடித்திரிய அது தேவையா? நான் அந்த வேலைகளுக்கு மோட்டார் சைக்கிளையே பாவிக்கிறேன்.

நாளுக்கு 30 கிலோமீற்றர் வீதம் 25 நாள் ஓடினால் மாதம் 750 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் 100 சிசி மோட்டார் சைக்கிளுக்கு 15 லீற்றர் பெற்றோல் போதும். நகர நெரிசலில் லீற்றருக்கு 12.5 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 60 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 13,500 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 162,000 ரூபாய். டயர், சேர்விஸ், காப்புறுதியில் மிஞ்சுவது வேறு.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். கியூஆர் முறை தொடங்கியபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். மேலே சொன்ன கணக்கில் அந்த 4 லீற்றரில் 200 கிலோமீற்றர் போகலாம். 20 லீற்றரில் கார் போவது 250தான்.

எல்லாவற்றையும் விட முக்கியம் முதல். காரில் முடங்கும் பணம் கடையில் சரக்காக இருந்தால் வருடத்தில் பல தடவை புரளும். லீசிங் தவணையோ வியாபாரம் மந்தமான மாதத்திலும் வந்து நிற்கும்.

மழையும் பாரமும் மோட்டார் சைக்கிளுக்குக் குறைதான். பாரச் சரக்குள்ள நாளில் முச்சக்கர வண்டியோ சிறிய லொறியோ வாடகைக்குப் பிடியுங்கள். மிச்சப்பட்ட பணத்தில் அதற்கும் இடமுண்டு. ஹெல்மட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.