வெளிநாட்டுப் பிள்ளையைச் சேர்க்க அரசுப் பள்ளிக்கும் அனுமதி வேண்டும்

ஆக்லாந்தில் எங்கள் வீட்டு மாடியறையில், பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்க வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி ஹோம்ஸ்டேயாகத் தங்கியிருக்கிறாள். அவள் வருமுன் பள்ளியிலிருந்து ஓர் அம்மா வந்து அறை, கட்டில், ஜன்னல் தாழ்ப்பாள் வரை பார்த்துவிட்டுப் போனார். நான், கணவர், கல்லூரி போகும் மகன், மூவர் பெயரும் போலீஸ் சரிபார்ப்புக்குப் போயின. வீட்டில் 18 வயது நிரம்பியவர் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது.

இது அந்தப் பள்ளியின் கெடுபிடி அல்ல, நாட்டுச் சட்டம். நியூசிலாந்து அரசுப் பள்ளிகள் கட்டணம் வாங்கி வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். ஆனால் 2021-இல் வகுத்த மாணவர் நல விதிகளுக்கு உட்படுவதாகப் பதிவு செய்திருக்க வேண்டும். என்.இசட்.க்யூ.ஏ. என்ற அரசு ஆணையம் அதைக் கண்காணிக்கிறது.

இந்த விதிகளின்படி, பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுடன் பள்ளி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். அவர் பொய் சொல்லி ஆள்பிடித்தால் தட்டிக்கேட்பதும் கழற்றிவிடுவதும் பள்ளியின் பொறுப்பு. 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, பள்ளி விடுதியில் இல்லாவிட்டால், பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளருடன்தான் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காப்பீடும் கட்டாயம்.

பிள்ளையை இங்கே அனுப்ப நினைத்தால், ஏஜென்ட் நீட்டும் வழுவழுப்பான பிரசுரத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். ஆணையத்தின் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.