கைரேகை பார்த்த பொடியன் பாப் மார்லி... தெரியுமா?

டி-ஷர்ட்டில், ஆட்டோ முதுகில், ஹெல்மெட்டில் என எங்கு பார்த்தாலும் சடைமுடியோடு சிரிக்கிறாரே பாடகர் பாப் மார்லி, அவர் சின்ன வயதில் ஊராருக்குக் கைரேகை பார்த்துப் பலன் சொன்னவர் என்பது தெரியுமா?

1945 பிப்ரவரி 6 அன்று ஜமைக்காவின் நைன் மைல் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா நார்வல், அறுபதை ஒட்டிய வெள்ளையர். அம்மா செடெல்லா, கறுப்பினப் பெண், வயது 18தான்! படிக்க வைக்கிறேன் என்று பையனைத் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வரவழைத்த அப்பா, ஒரு மூதாட்டி வீட்டில் விட்டுவிட்டு நழுவிவிட்டார். அம்மா தேடிப் பிடித்து ஊருக்குக் கூட்டி வந்தார். ஊரார் பழையபடி கையை நீட்டினால், இனி ரேகை பார்ப்பதில்லை, பாட்டுதான் என்று சொல்லிவிட்டானாம் பொடியன்!

பன்னிரண்டு வயதுவாக்கில் அம்மாவோடு கிங்ஸ்டனின் டிரெஞ்ச் டவுனுக்கே குடிவந்தார். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள், பொதுச் சமையலறை, பொதுக் குழாய். வெளியே கத்தியோடு திரியும் கும்பல்கள். கலப்பு நிறத்துக்காகக் கேலி வேறு. அடிவாங்கி, திருப்பி அடித்துச் சம்பாதித்த பட்டப்பெயர் 'டஃப் காங்'. பிற்காலத்தில் தன் இசைத்தட்டு நிறுவனத்துக்கே அந்தப் பெயரை வைத்தார் தெரியுமா?

அந்தச் சேரியில் ஓர் இசைக்கல்லூரியே நடந்தது என்றால் நம்புவீர்களா? ஏற்கெனவே பாடகராகப் பெயரெடுத்திருந்த ஜோ ஹிக்ஸ், தன் வீட்டு முற்றத்தில் பையன்களை உட்காரவைத்துக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார். மூன்று குரல்கள் வெவ்வேறு ஸ்வரங்களில் இணைந்து ஒரே குரலாக ஒலிக்க வேண்டும். பிசிறு தட்டினால் மறுபடி முதலிலிருந்து! பாப், அவர் நண்பர்கள் பன்னி, பீட்டர் டாஷ் மூவரும் தேறியது அங்கேதான். பன்னியின் முதல் கிடார் மூங்கில், மத்தி மீன் டப்பா, மின்கம்பி ஆகியவற்றால் ஆனது! உலகம் கொண்டாடும் 'வெய்லர்ஸ்' குழுவின் வேர் அந்த முற்றம்தான். தனிமேதை என்று பாப்பை மட்டும் தூக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பாப்பின் வயிற்றுப்பாட்டுக்கு வெல்டிங் பட்டறை. கண்ணில் இரும்புத்துகள் பாய்ந்ததும் அந்த வேலைக்கு முழுக்கு! கூடவே வெல்டிங் செய்தவர் யார் தெரியுமா? 1969-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாடகர் டெஸ்மண்ட் டெக்கர்! 1962-ல் பாப்பின் முதல் இசைத்தட்டு வந்தது. 1964-ல் ஜமைக்காவையே ஆட்டிப்படைத்த 'சிம்மர் டவுன்', தன் தெருவின் அடிதடி இளைஞர்களிடம் கோபத்தைக் குறையுங்கள் என்று கெஞ்சிய பாட்டு. அவர்களே அதற்கு ஆடினார்கள்!

பாப் பாடிய 'நோ வுமன், நோ க்ரை' பாட்டை எழுதியவராகப் பதிவாகியிருப்பது பாப் பெயரே அல்ல, தெரியுமா? வின்சென்ட் ஃபோர்டு. டிரெஞ்ச் டவுனில் ஏழைகளுக்குச் சூப் காய்ச்சி ஊற்றியவர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், பாப்புக்குப் பசித்தபோது சோறு போட்டவர். அவர் பெயர் அதில் இருப்பதால் பாட்டின் வருமானம் அவருக்கும் போய்ச் சேர்ந்தது!