குழியானைக்குக் கழிவறை இல்லை

மழைச்சாரல் படாத தாழ்வாரப் புழுதியில், குழி பறித்து எறும்பு பிடிக்கும் புழுவான குழியானை எப்படி உயிர் பிழைக்கிறது, அது தண்ணீர் குடிக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சூட்டைச் சமாளிப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. உச்சி வெயிலில் மணலின் மேற்பரப்பு சுட்டாலும் சில அங்குலம் கீழே வெப்பம் வெகுவாகக் குறைந்துவிடும். குழியானை பின்பக்கமாகவே நகர்ந்து அங்கே புதைந்துகொள்ளும். இல்லையென்றால், குழிக்குள்ளேயே நிழல் விழும் பக்கமாக ஒதுங்கும்.

ஈரத்தின் கதைதான் சுவையானது. எறும்பின் உடலில் உள்ள நீர்தான் அதற்குத் தண்ணீர். இளநீர் குடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காய்க்கு இரண்டு ஸ்ட்ரா. காயைப் பொத்தலிடும் கத்தியும் அவைதான். முதலில் அவற்றின் வழியே செரிமானச் சாறு உள்ளே இறங்குகிறது. வழுக்கை கரைந்து தண்ணீரோடு தண்ணீராகிறது. உறிஞ்சி முடித்ததும் வெற்றுக்காயைத் தலையால் முட்டித் தெருவில் எறிந்துவிட வேண்டியதுதான். கடைக்காரரும் குடிப்பவரும் ஒருவரே என்பதால் காசுப் பிரச்சினை இல்லை.

அந்த ஸ்ட்ராக்கள் குழியானையின் தாடைகள். திரவமாக மட்டுமே உண்பதால் மிஞ்சும் சக்கை மிகக் குறைவு. அந்தச் சக்கைக்கும் வெளியேற வழியில்லை. நடுக்குடல் பின்னால் மூடியே இருக்கிறது. ஓரிரு ஆண்டுகள், இரை குறைந்தால் மூன்று ஆண்டுகள்கூட, எல்லாம் உள்ளேயே சேர்கிறது.

உடனே 'நீரைச் சேமிக்க இயற்கை கண்டுபிடித்த பாலைவனத் தொழில்நுட்பம்' என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். நம்பாதீர்கள். பருத்திச் செடியில் அசுவினியைத் தின்னும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவுக்கும் இதே மூடிய குடல்தான். அது குழியானையின் உறவு, மணலையே மிதிக்காதது. ஆக, இது குடும்பச் சொத்து. மணலுக்கு வந்த கிளைக்கு அது வசதியாக அமைந்தது, அவ்வளவே.



குடல் அடைத்திருந்தாலும் குழியானையின் பின்வாசல் சும்மா கிடப்பதில்லை. கழிவு நீக்க வேண்டிய மால்பீஜியன் குழாய்கள் கடைசியில் பட்டு சுரக்கின்றன. அந்த இழை பின்புறம் வழியாக வெளிவந்து, மணலை ஒட்டி உருண்டைக் கூடாகிறது. அதிலிருந்து தும்பி போன்ற பூச்சி வெளிவரும். சேர்த்துவைத்த சக்கையெல்லாம் அப்போதுதான் ஒரே கட்டியாக விழும்.