கூம்பும் கருவிழி

உத்தியோகத்தின் பொருட்டு ஊர் ஊராக மாறி வாழும் நம்மவர் குடும்பங்களில் இப்படி நேர்வதுண்டு. பதினான்கு வயதுப் பையனுக்குக் கான்பூரில் மூக்குக்கண்ணாடி வாங்குகிறோம். நாகபுரிக்கு மாற்றலானதும் அது போதாமல் வேறொன்று வாங்குகிறோம். டில்லிக்கு வந்தபின் மூன்றாவது. ஒவ்வோர் ஊரிலும் பரிசோதிப்பவர் புதியவர். பழைய சீட்டை நாம் எடுத்துச் செல்வதுமில்லை. "ஓயாமல் படிக்கிறான், கண் கெட்டுவிட்டது" என்று சமாதானம் அடைகிறோம். படிப்பின்மீது பழிபோடுமுன் நாம் அறியவேண்டிய நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் கெரட்டோகோனஸ். கூம்புக் கருவிழி என்று தமிழில் வழங்கலாம்.

கடிகாரத்தின்மீது பொருத்திய கண்ணாடியைப்போல் நம் கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிந்த படலமே கார்னியா. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். எனினும், ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. இப்படலத்தின் இழைகள் வலுவிழந்தால் அது மெலிகிறது. மெலிந்த இடம் உள்ளழுத்தத்தால் கூம்புபோல் முன்னே பிதுங்குகிறது. ஒளி சிதறுவதால் எழுத்துகள் நிழல் தட்டுகின்றன; இரவில் வண்டி விளக்குகள் கீற்றுக் கீற்றாய்த் தெரிகின்றன. இந்நோயை 1854ஆம் ஆண்டிலேயே ஜான் நாட்டிங்ஹாம் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விரிவாக வருணித்திருக்கிறார்.

பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும் இந்நோய், முப்பது வயதைக் கடக்கும்வரை வளர்ந்து பின்னர் தணிவது வழக்கம். பரம்பரைக்கு இதில் பங்குண்டு. கண்ணைக் கசக்கும் பழக்கத்திற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு காணப்படுகிறது. வறண்ட காற்றும் புழுதியும் மிகுந்த ஊர்களில் ஒவ்வாமையால் கண் அரிக்கும்போது, குழந்தைகள் விரல் முட்டியால் அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்த அரிப்புக்கு மருந்து உண்டு. மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்தை இட்டு, கசக்குவதை நிறுத்தச் செய்வதே நம் முதற் கடமை.

சிகிச்சை நோயின் நிலையைப் பொறுத்தது. ஆரம்பத்தில் மூக்குக்கண்ணாடியே போதும். பின்னர் கடினமான காண்டாக்ட் லென்ஸ் உதவும். மேடுபள்ளத்தைக் கண்ணீர் நிரப்ப, லென்ஸின் வழவழப்பான முகப்பு ஒளியைச் சீராகச் செலுத்துகிறது. ஆனால் லென்ஸ் நோயைத் தடுப்பதில்லை. தடுக்கும் முறை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாயிற்று. நோயாளிகளிடம் கண்ட பலன் 2003இல் வெளியாயிற்று. ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமினைச் சொட்டுகளாக இட்டு, புறஊதாக் கதிரைப் பாய்ச்சி, இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறார்கள். இது பெரும்பாலும் நோயை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும். இழந்த பார்வையை முழுதும் மீட்டுத் தராது. ஆகவே காலம் தாழ்த்தலாகாது. மிக முற்றியவர்களுக்குப் பிறர் தானம் செய்த கார்னியாவைப் பொருத்துவதே வழியாகிறது.

இன்னோர் எச்சரிக்கை: கண்ணாடியை விடுவதற்காகச் செய்யும் லேசர் சிகிச்சை, கூம்புக் கருவிழி உடையவர்க்கு ஆகாது, நோயை மேலும் முடுக்கிவிடும்.

கண்ணாடியின் எண் அடிக்கடி மாறினாலும், புதுக் கண்ணாடி போட்டும் பார்வை தெளியாவிட்டாலும், கார்னியாவின் வடிவைப் படமெடுக்கும் சோதனை செய்யவேண்டும். "கோடை விடுமுறையில் மதுரைக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோம்" என்று நாம் ஒத்திப்போடுவதுண்டு. அதற்குத் தேவையில்லை. டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ராஜேந்திர பிரசாத் கண் மையமும், ஐதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையமும் இருக்கின்றன. மற்றப் பெருநகரங்களின் பெரிய கண் மருத்துவமனைகளிலும் இச்சோதனை நடைபெறுகிறது.

மாற்றல் உத்தரவு வந்ததும் பள்ளிச் சான்றிதழ்களைப் பத்திரமாக எடுத்து வைக்கிறோம் அல்லவா? அவற்றோடு பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் சேர்த்து வைப்போம். அவற்றை வரிசையாகப் பார்த்தால், நோய் வளர்கிறதா என்பது புதிய ஊரின் மருத்துவருக்கும் முதல் நாளிலேயே புலப்படும்.