விழித்திரைப் படங்களும் மறுசோதனையும்

நீரிழிவு நோய் விழித்திரையைத் தாக்கும்போது தொடக்கத்தில் பார்வை மங்குவதில்லை. மங்கிய பின்னர் மருத்துவரை நாடுவோருக்கு, இழந்த பார்வையை முழுவதும் மீட்டளித்தல் அரிது. ஆகவே, நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையைக் குறித்த காலந்தோறும் படமெடுத்து ஆராய்தல் இன்றியமையாததாகும். திருவனந்தபுரம் மாவட்டக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் கேரள அரசு மேற்கொண்ட ‘நயனாமிர்தம்’ திட்டம் இந்நோக்கம் கொண்டதேயாகும்.

படங்கள் பெருகும் அளவுக்கு அவற்றைத் தரம் பிரிக்கும் வல்லுநர்கள் பெருகுவதில்லை. இப்பணியைக் கணினியிடம் ஒப்படைக்கலாமா என்பதைக் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா முதலிய இந்திய மருத்துவமனைகளின் படங்களும் சேர்ந்த 1,28,175 படங்களைக் கொண்டு கணினி பயிற்றப்பட்டது. நோயுற்ற கண்ணையும் நோயற்ற கண்ணையும் பிரித்தறியும் திறனுக்கு ஓர் அளவெண் உண்டு. அது 1 ஆயின் பிழையே இல்லை, 0.5 ஆயின் காசு சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். ‘மெசிடோர்–2’ என்னும் பொதுப் படத்தொகுப்பில் இக்கணினி பெற்ற அளவெண் 0.990.

நார்வே நாட்டு ஆய்வாளர்கள் இதனை மீளச் செய்துபார்த்து, 2019இல் அறிக்கை வெளியிட்டனர். அதே தொகுப்பில் அவர்களுக்குக் கிடைத்தது 0.853 மட்டுமே. முதல் ஆய்வின் கணினி நிரல் வெளியிடப்பட்டிருக்கவில்லை. பயிற்சி விவரங்கள் சிலவும் தெரியவில்லை. மேலும், முதல் ஆய்வில் ஒவ்வொரு பயிற்சிப் படத்தையும் மருத்துவர்கள் 3 முதல் 7 முறை தரம் பிரித்திருந்தனர். நார்வே ஆய்வாளர்களுக்குக் கிட்டிய பொதுப் படங்களுக்கோ ஒரே ஒரு மதிப்பீடுதான் இருந்தது.

இதனால் முதல் ஆய்வு பொய்யென்று ஆகிவிடாது. அதே ஆண்டில், மேற்கூறிய இரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் நடத்திய நேரடிச் சோதனையில், நோயுற்றோருள் முறையே 88.9, 92.1 விழுக்காட்டினரைக் கணினி சரியாகக் கண்டறிந்தது. எனினும், எஞ்சியோர் நோயற்றவர் எனத் திருப்பியனுப்பப்படக்கூடியவர்கள். அவ்விழுக்காடு கூடினால் பார்வையிழப்போரும் கூடுவர். அதனாலேயே, வெளியார் சரிபார்க்க இயலாத எண்ணை நம்பி ஒரு திட்டத்தை வகுத்தல் தகாது.

இத்தகைய கருவிகளை வாங்கும் துறைகள், பயிற்சிப் படங்களின் மூலம், தரம் பிரித்த விதி, நிரலின் பதிப்பு ஆகியவற்றை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல் வேண்டும். நோயுற்ற இடத்தை வண்ணமிட்டுக் காட்டும் கருவியாயின், எந்த அளவுக்கு எந்த வண்ணம் என்பதையும் அதில் குறித்தல் வேண்டும். உள்ளூர்ப் படங்கள் சிலவற்றை வல்லுநர்களைக் கொண்டு தரம் பிரித்துத் தனியே வைத்துக்கொண்டால், நிரல் மாறுந்தோறும் அவற்றால் மீண்டும் சோதித்தறியலாம்.