பின் சக்கரம் மட்டும் ஏன் சுடுகிறது?

பெடலிலிருந்து காலை எடுத்ததும் டிஸ்க் பிரேக்கை விடுவிப்பது எது? பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல்தான். அழுத்தும்போது அது பிஸ்டனோடு வளைகிறது. அழுத்தம் போனதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழையளவு உள்ளே இழுக்கிறது. அருமையான ஏற்பாடு! ஆனால் அசைவு அவ்வளவு சிறியது என்பதால் கொஞ்சம் துரு ஏறினாலே பிஸ்டனைத் தாங்கும் காலிப்பர் இறுகிவிடும்; பிரேக் உரசியபடியே இருந்து சக்கரம் சுடும்.

பழைய கார்களில் பின்பக்கம் இப்படிச் சிக்குவதற்குக் காரணம் உண்டு. பல கார்களில் ஹேண்ட் பிரேக்கின் லீவரும் அதே காலிப்பரில்தான் இருக்கிறது. அதன் அச்சில் துரு பிடித்தால் லீவர் முழுதாகத் திரும்பாது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஆயிலைப் பல ஆண்டுகள் மாற்றாவிட்டால் உள்ளேயும் அரிக்கும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, காலிப்பரிலுள்ள ப்ளீடர் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் உடனே சுழன்றால் அழுத்தம்தான் உள்ளே தேங்கியிருக்கிறது. பெரும்பாலும் உட்புறம் அடைத்துப்போன ரப்பர் ஹோஸே காரணம். இது தெரியாமல் நல்ல காலிப்பரை மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் பலர்.

சுழலாவிட்டால் காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். ஹேண்ட் பிரேக் சேர்ந்த பிஸ்டனைப் பல மாடல்களில் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் வைத்து நெரித்தால் உள் திருகு உடையும். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை, பிஸ்டனையும் மாற்றுங்கள்.